நேற்றுக்கும் நாளைக்கும் ஒரே சொல்

டெல்லியில் என் அலுவலகத்தில் பிறந்தநாள் என்றால், பிறந்தவர்தான் மற்றவர்களுக்குத் தீனி போட வேண்டும். சமோசா, பர்ஃபி, ஒரு பெரிய கெட்டில் நிறைய டீ. எல்லோரும் மேஜையைச் சுற்றி நின்று கை தட்டிப் பாடுவார்கள், நாம் நடுவில் அசடு வழிய நிற்க வேண்டும். இதிலிருந்து தப்பிக்கத்தான் நான் முதன்முதலில் அந்த நாளில் லீவு போட்டேன். அது பழக்கமாகி, பிறகு எனக்கு மட்டுமான ஒரு சடங்காகவே ஆகிவிட்டது.

மோதி பாகில் எங்களுக்கு அரசாங்கக் குவார்ட்டர்ஸ். கீழ்வீடு எங்களுடையது, மேல்வீட்டில் ஒரு பஞ்சாபி ஆன்ட்டி இருந்தார். மொட்டைமாடி இரண்டு வீட்டுக்கும் பொது. மார்கழி பிறந்த நாலைந்தாம் நாள் என் பிறந்தநாள் வரும். அந்தக் குளிரில் பதினோரு மணிக்கு மேல்தான் மூட்டம் விலகி வெயில் எட்டிப் பார்க்கும். நான் மாடியில் பாயை விரித்து, ஆரஞ்சுப் பழமும் வேர்க்கடலையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு, ஒரு நீல அட்டை நோட்டைத் திறப்பேன். வருஷத்துக்கு ஒரு பக்கம். போன வருஷம் எப்படி இருந்தேன், வருகிற வருஷம் எப்படி இருக்க வேண்டும் என்று எழுதுவேன்.

அந்த நோட்டை இப்போது எடுத்துப் பார்த்தால் எனக்கே சிரிப்பு வருகிறது. எல்லாப் பக்கத்திலும் முதல் வரி ஒன்றேதான்: கோபத்தைக் குறைக்க வேண்டும். இரண்டாவது வரியும் மாறவில்லை: ஸ்வெட்டரை முடிக்க வேண்டும். டெல்லிக்கு வந்த புதிதில், அலுவலகப் புல்வெளியில் மதிய வெயிலில் உட்கார்ந்து எல்லாப் பெண்களும் பின்னுகிறார்களே என்று, நானும் என் கணவருக்கு ஒன்று ஆரம்பித்தேன். ஒரு கை இல்லாமல் அது பெட்டிக்குள் கிடந்தது. அவரும் கேட்கவில்லை. அவர் எதையும் கேட்கிறவர் அல்ல, வீட்டுக்கு ஒரு கோபக்காரி போதும் என்று விட்டுவிட்டார்.

மூன்றாவது பக்கத்திலிருந்து மூன்றாவது வரி ஒன்று சேர்ந்துகொண்டது: தம்பிக்கு எழுத வேண்டும்.

தம்பி எனக்கு எட்டு வயது இளையவன், ராணுவத்தில் இருந்தான். திருச்சியில் எங்கள் வீட்டில் அம்மா எப்போதும் உடம்பு முடியாதவள். அதனால் அவனைக் குளிப்பாட்டியது, பள்ளிக்கு இழுத்துப் போனது, மண்டையில் குட்டிக் குட்டி எழுதப் படிக்க வைத்தது எல்லாம் நான்தான். ழகரம் வராவிட்டால் ஒரு குட்டு, சந்தி விட்டுப்போனால் ஒரு குட்டு. அவன் மண்டை இன்றைக்கும் உருண்டையாக இருப்பதற்கு நான்தான் காரணம் என்று சொல்லிச் சிரிப்பான். அப்படிச் சிரித்துக்கொண்டிருந்தவனிடம் நான் ஆறு வருஷமாகப் பேசவில்லை.

நடந்தது சின்ன விஷயம். அவன் இமயமலைப் பக்கம் வேலையில் இருந்தபோது அங்கேயே ஒரு கட்வாலிப் பெண்ணைக் கல்யாணம் செய்துகொண்டான். எனக்கு முன்கூட்டிச் சொல்லவில்லை. சொன்னால் நான் குதிப்பேன் என்று அவனுக்குத் தெரியும். கல்யாணம் முடிந்த கையோடு அவளை அழைத்துக்கொண்டு நேராக என் வீட்டு வாசலுக்குத்தான் வந்தான். ரயிலில் வரும்போதே அவளுக்கு ஒரு தமிழ் வாக்கியம் சொல்லிக்கொடுத்திருந்தான். அந்தப் பெண் தலையில் முக்காடு போட்டுக்கொண்டு, வாசற்படிக்குக் கீழே நின்று, மூச்சைப் பிடித்து, "அக்கா, நல்லா இருக்கியா?" என்றாள்.

அவன் என்னிடம் எப்படிப் பேசுவானோ அப்படியே கற்றுக்கொண்டிருந்தாள். ஹிந்தியில் 'ஆப்' என்று மரியாதையாகத்தான் கூப்பிட்டிருப்பாள். தமிழில் 'இருக்கியா'வுக்கும் 'இருக்கீங்களா'வுக்கும் நடுவில் எவ்வளவு பெரிய பள்ளம் இருக்கிறது என்று அவளுக்கு யார் சொல்வார்கள்? எனக்கு அது புரியாமல் இல்லை. ஆனால் கோபத்துக்கு ஒரு பிடி வேண்டியிருந்தது, அது கிடைத்துவிட்டது. "பெரியவங்களை நீன்னு பேசறவ இந்த வாசப்படி மிதிக்க வேணாம். நீயும்தான்" என்றேன். அவன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு அவளோடு திரும்பிப் போனான். என் மகளுக்கு அப்போது மூன்று வயது. என் முந்தானையைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள்.

மகளுக்கு ஒன்பது வயதானபோது நடந்ததைத்தான் சொல்ல வந்தேன். அவள் டெல்லியிலேயே பிறந்தவள். மோதி பாகிலேயே தமிழ்ப் பள்ளி இருந்தது. அதில் சேர்க்கலாம் என்று கணவர் சொன்னார். ஆங்கிலப் பள்ளியில் சேர்த்தே தீர வேண்டும் என்று நின்றவள் நான்தான். அதன் பிறகு, இவளுக்குத் தமிழ் வரவில்லையே என்று குதித்தவளும் நான்தான். வீட்டில் ஒரு சட்டம் போட்டிருந்தேன்: செருப்போடு ஹிந்தியையும் வாசலில் விட்டுவிட்டு உள்ளே வர வேண்டும். உள்ளே தமிழ் மட்டும்.

அவளுக்கு எல்லாச் சொல்லும் ஓரளவு வந்தது, நாள் கணக்கு மட்டும் வரவில்லை. ஹிந்தியில் நேற்றுக்கும் நாளைக்கும் ஒரே சொல்தான், கல். வந்தான் என்றால் நேற்று, வருவான் என்றால் நாளை. வினைச்சொல்லைப் பார்த்து அவர்கள் தெரிந்துகொள்கிறார்கள். தமிழில் கல் என்றால் கல்தான், தடுக்கி விழலாம். என் மகள் தினமும் தடுக்கி விழுந்தாள். "அம்மா, நாளைக்கு மிஸ் என்னை அடிச்சாங்க" என்பாள். "நாளைக்கு நாங்க பார்க் போனோம்" என்பாள். முதலில் சிரித்தேன். பிறகு திருத்தினேன். பிறகு கத்தினேன். "நாளைக்கு இல்லடி, நேத்து! நேத்து! எத்தனை தடவை சொல்றது?" குட்டு மட்டும் வைக்கவில்லை, அது ஒன்றுதான் பாக்கி.

வினைச்சொல்லுக்கும் திட்டு விழுந்தது. அப்பா வந்துச்சு என்றால் திட்டு, ஆன்ட்டி போனான் என்றால் திட்டு. கெட்டிக்காரி, ஒரு வழி கண்டுபிடித்தாள். வினைச்சொல்லே இல்லாமல் பேசக் கற்றுக்கொண்டாள். "அம்மா, பசி." "ஹோம்வொர்க் முடிவு." "அப்பா ஆபீஸ், லேட்." தந்தி அடிப்பது போல இருக்கும். பரவாயில்லையே, தப்பு குறைந்துவிட்டதே என்று நான் பெருமைப்பட்டேன். குழந்தை என்னிடம் பேசுவதையே குறைத்துக்கொண்டிருக்கிறாள் என்று எனக்குத் தோன்றவில்லை.

என் பிறந்தநாளுக்கு முந்தின நாள், வியாழக்கிழமை. கணவர் டூரில் ஜெய்ப்பூர் போயிருந்தார். எங்கள் வீட்டில் அப்போது போன் இல்லை. மேல்வீட்டு ஆன்ட்டியின் எண்ணைத்தான் ஊருக்கெல்லாம் கொடுத்திருந்தோம். மகளும் பள்ளி விட்டு வந்தால் நான் வரும்வரை ஆன்ட்டி வீட்டில்தான் இருப்பாள். ஆறரை மணிக்கு நான் கீழே இருந்து குரல் கொடுத்தேன், இறங்கி ஓடி வந்தாள். முகம் முழுக்கச் செய்தி. செருப்பை வாசலில் விட்டு உள்ளே வந்து நின்று, ஒவ்வொரு சொல்லாக அடுக்கினாள்.

"அம்மா, போன். மாமா."

மாமா என்ற சொல் மட்டும் இரண்டு மொழியிலும் ஒன்று. அதனால் அதில் தப்பு வர வழியில்லை.

"எந்த மாமாடி?"

"மிலிட்டரி மாமா. ட்ரெயின் நேத்து காலைல பத்து மணி. நியூ டெல்லி ஸ்டேஷன். சாயங்காலம் மெட்ராஸ் ட்ரெயின். வீட்டுக்கு இல்ல. ஸ்டேஷன் மட்டும்."

"நேத்தா?" என்றேன். கேட்ட விதம் எனக்குத் தெரியும். அந்தக் குரலில் நான் கேட்டால் அவள் எதற்கும் தலையாட்டுவாள். ஆட்டினாள்.

நேற்று என்றால் புதன்கிழமை. அதாவது, புதன்கிழமை முழுவதும் என் தம்பி இதே ஊரில், பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் தூரத்தில் ஒரு பிளாட்பாரத்தில் உட்கார்ந்திருந்திருக்கிறான். மெட்ராஸ் வண்டி ஏறிப் போன பிறகு, வழியில் எங்கோ ஒரு ஸ்டேஷனில் இறங்கி போன் செய்து, நான் வந்தேன், போய்விட்டேன் என்று சொல்கிறான். எனக்கு முதலில் வந்தது அழுகை அல்ல, கோபம். வேண்டுமென்றே செய்திருக்கிறான், பழி வாங்குகிறான் என்று நினைத்தேன். நான் இரவு சமைத்த பாத்திரங்கள் எல்லாம் அன்று கொஞ்சம் அதிகமாகவே சத்தம் போட்டன. மகள் தட்டைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டாள்.

மறுநாள் காலை ஜன்னலுக்கு வெளியே எதிர்வீடு தெரியவில்லை, அப்படி ஒரு மூட்டம். மகள் யூனிஃபார்ம் மேல் இரண்டு ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு வந்து என் கழுத்தைக் கட்டிக்கொண்டு, "ஹேப்பி பர்த்டே அம்மா" என்றாள். பிறகு, "அம்மா, மாமா ஸ்டேஷன்... நீ..." என்று ஆரம்பித்தாள்.

"மாமா பேச்சை எடுக்காதே. பஸ் வந்துடும், கிளம்பு."

அவள் கிளம்பிப் போனாள். கேட்டருகில் ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். நான் கதவைச் சாத்திக்கொண்டேன்.

வெயில் வர பன்னிரண்டு ஆகிவிட்டது. மாடிக்குப் போய்ப் பாயை விரித்தேன். நோட்டைத் திறந்தேன். கோபத்தைக் குறைக்க வேண்டும் என்று கை தானாக எழுதியது. எழுதி முடித்துவிட்டு அந்த வரியைப் பார்த்தபோது எனக்கு வெட்கமாக இருந்தது. இத்தனை வருஷம் ஒரே வரியை எழுதுகிறவளுக்கு அதைச் செய்கிற எண்ணமே இல்லை என்றுதானே பொருள்? கோவிலுக்குப் போய்க் கன்னத்தில் போட்டுக்கொள்வது போல, எழுதிவிட்டால் ஆயிற்று என்று இருந்திருக்கிறேன். அன்றைக்குத்தான் பின்னால் புரட்டி, ஒவ்வொரு பக்கமாக, ஒரு பரீட்சைத் தாள் திருத்துகிற மாதிரி படித்தேன். மூன்றாவது பக்கத்தில், தம்பிக்கு எழுத வேண்டும் என்பதற்குக் கீழே, நான்காவதாக ஒரு வரி இருந்தது. வீட்டில் தமிழ் மட்டுமே பேச வேண்டும்.

இரண்டும் ஒரே வருஷம். அந்தச் சட்டத்தை நான் தமிழ்ப் பற்றால் போட்டதாகத்தான் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன், நானும் நம்பியிருந்தேன். உண்மை வேறு. வாசலில் நிறுத்தித் துரத்திய அந்தப் பெண்ணின் பாஷை என்பதால்தான் ஹிந்தியை வாசலோடு நிறுத்தினேன். அந்தப் பிடிவாதத்துக்கு ஒரு குழந்தையை ஆறு வருஷமாகக் காவல் நிறுத்தியிருக்கிறேன். ஆரஞ்சுத் தோலைக் கையில் வைத்துக்கொண்டு அழுதேன். தம்பி வந்து போய்விட்டான், இனி வர மாட்டான் என்றுதான் அழுதேன். பழி வாங்குகிற பிள்ளை அல்ல அவன் என்பது எனக்குத் தெரியும். நான்தான் அப்படிப்பட்டவள்.

மேல்வீட்டு ஆன்ட்டி ஈரத் துணிகளோடு மாடிக்கு வந்தார். பெரிய உடம்பு, அதைவிடப் பெரிய குரல். என் கண்ணைப் பார்க்காதது போல ஒரு பாவாடையை உதறிக் கொடியில் போட்டார். பிறகு, என்ன, இன்னும் இங்கேயே உட்கார்ந்திருக்கிறாய், தம்பியைப் பார்க்கப் போகவில்லையா என்று ஹிந்தியில் கேட்டார்.

அவன் புதன்கிழமையே போய்விட்டான் என்றேன்.

"அரே நஹீ!" என்றார் ஆன்ட்டி. கையிலிருந்த துணியைப் பக்கெட்டிலேயே போட்டுவிட்டு வந்தார். நேற்று சாயங்காலம் உன் பெண் போனை வைத்துவிட்டு என் கட்டில் மேல் ஏறிக் குதித்தாளே, குதித்துக்கொண்டே சொன்னாளே என்று அவளைப் போலவே கையைத் தட்டிச் சொல்லிக் காட்டினார். "மாமா கல் ஆயேங்கே! மாமா கல் ஆயேங்கே!"

ஆயேங்கே. வருவார்.

மாமா நாளை வருவார். வியாழக்கிழமைக்கு நாளை, வெள்ளிக்கிழமை. இன்று.

எனக்குப் புரிந்துவிட்டது. தம்பி அவளிடம் ஹிந்தியில்தான் பேசியிருக்கிறான். கல் என்று சொல்லியிருக்கிறான். அவளுக்கு அது தெளிவாகப் புரிந்திருக்கிறது. கட்டில் மேல் குதிக்கிற அளவுக்குப் புரிந்திருக்கிறது. கீழே இறங்கி வந்து, செருப்பைக் கழற்றி, என் முன்னால் நின்று அதைத் தமிழாக்க வேண்டி வந்தபோதுதான் வினை. நாளைக்கு என்று சொன்னால் அம்மா கத்துவாள், நேத்து என்று சொன்னால் கத்த மாட்டாள். இவ்வளவுதான் நான் அவளுக்குக் கற்றுக்கொடுத்த தமிழ்.

மணி பன்னிரண்டரை. பத்து மணி வண்டி. நான் போகாததைப் பார்த்து, அக்கா இன்னும் மாறவில்லை என்று அவன் எழுந்து எங்காவது போயிருப்பான். புடவை மாற்றக்கூட இல்லை, ஸ்வெட்டரும் சால்வையுமாக ஓடினேன். தெருமுனையில் ஆட்டோ பிடித்து ஏறி உட்கார்ந்ததும் எனக்குத் தனியாகப் போக பயமாக இருந்தது. நேராக மகளின் பள்ளிக்கு விடச் சொன்னேன். வீட்டில் விசேஷம் என்று டீச்சரிடம் சொல்லி அவளை அழைத்து வந்தேன். ஆட்டோவில் ஏறியவள் ஓரமாக ஒட்டிக்கொண்டு உட்கார்ந்தாள்.

"அம்மா, தப்பு? நான் தப்பு?"

"நீ தப்பில்ல கண்ணு. மாமா என்ன சொன்னார்? ஹிந்தியிலேயே சொல்லு."

அவள் என்னை நம்பாமல் பார்த்தாள். ஆட்டோக்காரரின் முதுகைப் பார்த்தாள். ஆட்டோ வீடு கிடையாது, இங்கே சட்டம் செல்லாது என்று முடிவு செய்திருக்க வேண்டும். பேச ஆரம்பித்தாள். ஸ்டேஷன் போய்ச் சேரும்வரை நிறுத்தவில்லை.

இத்தனை வினைச்சொற்கள் அவளிடம் இருந்தன என்று எனக்குத் தெரியாது. மாமா முதலில் தமிழில் பேசினாராம், இவள் ஹிந்தியில் பதில் சொன்னதும் அவரும் ஹிந்திக்கு மாறிவிட்டாராம். அவர் சொன்னது போலவே குரலைக் கட்டையாக்கிச் சொன்னாள். வீட்டுக்கு வர மாட்டேன், ஸ்டேஷனில் சிப்பாய்களுக்கான ஆபீஸ் ஒன்று இருக்கிறது, அதன் வாசலில் சாயங்காலம்வரை இருப்பேன் என்றாராம். தெற்கே மாற்றல் ஆகிவிட்டது, இனிமேல் டெல்லி வழியாக வர வேலை இருக்காது என்றாராம். அம்மா இன்னும் திட்டுவாளா என்று கேட்டாராம்.

"நீ என்ன சொன்னே?"

"ரோஜ்" என்றாள். தினமும். சொல்லிவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள். ஆட்டோக்காரர் சிரித்துவிட்டார். மாமா என்ன சொன்னார் என்று கேட்டேன். என்னையும் அப்படித்தான் திட்டுவாள், திட்டி முடித்ததும் வெல்லம் கொடுப்பாள், உனக்குக் கொடுக்கிறாளா என்று மாமா கேட்டாராம். இல்லை என்று சொன்னாளாம்.

நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். ஹிந்தியில் இந்தப் பெண் எவ்வளவு வேடிக்கையாகப் பேசுகிறாள்! பள்ளித் தோழிகளுக்கும் மேல்வீட்டு ஆன்ட்டிக்கும் போனில் ஒரே ஒரு முறை பேசிய மாமாவுக்கும் தெரிந்த இந்தப் பெண்ணை, பெற்ற நான் அன்றைக்குத்தான் சந்திக்கிறேன்.

ஸ்டேஷனில் எந்த வண்டியும் நேரத்துக்கு வரவில்லை. மூட்டத்தால் எல்லாமே தாமதம். பிளாட்பாரம் முழுக்கக் கம்பளிக்குள் சுருண்ட மனிதர்கள். சிப்பாய்களுக்கான அந்த ஆபீஸைத் தேடிப் போனோம். வாசலில், வெள்ளைப் பெயின்ட்டில் நம்பர் எழுதிய கறுப்பு டிரங்குப் பெட்டியின் மேல், நாங்கள் வந்த பக்கத்தையே பார்த்தபடி அவன் உட்கார்ந்திருந்தான். காதோரம் நரைத்திருந்தது. முப்பது வயதில் நரையா என்று எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. என்னைப் பார்த்ததும் மேலதிகாரி வந்தது போல் எழுந்து நின்றான்.

ஆட்டோவில் வரும்போது என்னென்னவோ சொல்ல வேண்டும் என்று நினைத்திருந்தேன். வாயைத் திறந்ததும் வந்தது, "ஏண்டா இப்படி எளச்சுப் போயிட்ட?" என்பதுதான்.

"வண்டி ரெண்டு மணி நேரம் லேட்டுக்கா. நீ பத்து மணிக்கே வந்து பார்த்துட்டுப் போயிட்டியோன்னு நெனச்சேன்" என்றான்.

நான் வரவில்லை என்று அவன் நினைக்கவே இல்லை. அங்கேயே, அத்தனை பேர் நடுவில், "அன்னிக்கு நான் பேசினது தப்புடா. உன்கிட்டயும் தப்பு, அந்தப் பொண்ணுகிட்டயும் தப்பு" என்று சொன்னேன். சொல்ல எவ்வளவு நேரம் ஆயிற்று? ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. ஆறு வருஷம் நோட்டில் எழுதிக்கொண்டிருந்தேன்.

"விடுக்கா" என்றான். குனிந்து பெட்டியைத் திறந்து ஒரு பொட்டலத்தை எடுத்தான். பழுப்பு நிறத்தில் ஒரு கம்பளிச் சால்வை. பிரித்தபோது ஒரு முனையில் மஞ்சள் கறை இருந்தது. எங்கள் வீட்டில் பிறந்தநாளுக்குப் புதுத்துணி எடுத்தால் முனையில் மஞ்சள் தடவித்தான் கொடுப்பார்கள். "மஞ்சப்பொடி மெஸ்ல குக்கிட்ட வாங்கினேன். கொஞ்சம் தாராளமாப் பூசிட்டேன்" என்றான்.

அதற்கு முன்னாலும் இந்த வழியாக வந்திருக்கிறாயா என்று கேட்டேன். அவன் என் மகளைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே, "ஏழெட்டு தடவை" என்றான். ஒவ்வொரு முறையும் இந்தப் பெட்டியின் மேல் உட்கார்ந்துவிட்டு அடுத்த வண்டி ஏறியிருக்கிறான்.

மெட்ராஸ் வண்டி ஐந்து மணி நேரம் தாமதம் என்று அறிவித்தார்கள். அறிவிப்பைக் கேட்டு பிளாட்பாரமே முனகியபோது நான் ஒருத்திதான் சந்தோஷப்பட்டிருப்பேன். "வீட்டுக்கு வா" என்றேன். அவன் தயங்கினான். மகள் அவன் விரலைப் பிடித்து இழுத்து, ஹிந்தியில் என்னவெல்லாமோ பேரம் பேசினாள். பெட்டியை ஆபீஸில் ஒப்படைத்துவிட்டு ஒரே ஆட்டோவில் மூன்று பேரும் வந்தோம்.

வாசலில் அவன் குனிந்து பூட்ஸ் கயிற்றை அவிழ்க்க ஆரம்பித்தான். ஒரு சிப்பாய்க்குப் பூட்ஸ் கழற்ற அவ்வளவு நேரம் ஆகாது. நான் உள்ளே நின்றிருந்தேன், அன்றைக்கு நின்ற அதே இடத்தில். அது எனக்கு உறைத்ததும் படி இறங்கி வெளியே வந்து அவன் பக்கத்தில் நின்றுகொண்டேன். அவன் இரண்டாவது பூட்ஸையும் கழற்றினான். சேர்ந்து உள்ளே போனோம்.

ரசம் வைத்து அப்பளம் பொரித்தேன். பிறந்தநாளுக்குப் பாயசம் இல்லையா என்றான். பாயசம் வைக்கிற மாதிரியா நான் காலையிலிருந்து இருந்தேன்? வெல்லம் இருந்தது. ஆளுக்கு ஒரு கட்டி கொடுத்தேன், முதலில் மகளுக்கு. சமையலறையில் இருந்தபடி கேட்டுக்கொண்டிருந்தேன், முன்னறையில் மாமாவும் மருமகளும் ஹிந்தியில் பேசிச் சிரிக்கிற சத்தம். வீட்டுக்குள் அந்தப் பாஷை சிரித்ததில் சுவர் ஒன்றும் இடிந்து விழவில்லை. நடுவில் அவள் பயந்து போய் என்னை எட்டிப் பார்த்தாள். "பேசு பேசு" என்றேன்.

பொழுது சாய்கிற நேரத்தில் அவன் கிளம்பினான். மறுபடி மூட்டம் இறங்கத் தொடங்கியிருந்தது. தெருமுனைவரை நடந்தோம். ஆட்டோவில் ஒரு காலை வைத்துக்கொண்டு, இனி எப்போ பார்க்கிறது என்று மருமகளிடம் கேட்டான். அவள் எனக்காகத்தான் தமிழில் சொன்னாள் என்று நினைக்கிறேன். முதுகை நிமிர்த்திக்கொண்டு, வினைச்சொல்லையும் விட்டுவிடாமல், மரியாதையோடு சொன்னாள்.

"நேத்தே வாங்க மாமா."

அவன் சட்டென்று என் முகத்தைப் பார்த்தான். சின்ன வயதில் சிலேட்டை நீட்டிவிட்டுக் குட்டுக்குக் காத்திருப்பானே, அதே பார்வை. அவளும் தப்பு எங்கோ வந்துவிட்டது என்று தெரிந்து என்னைப் பார்த்தாள்.

"ஆமாண்டா" என்றேன். "நேத்தே வா. உன் பொண்டாட்டியையும் கூட்டிட்டு வா."